சனிக்கிழமைப் பிள்ளை

அந்தப் பெடியன் கட்டிலில் முழங்கால் ஊன்றி, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஓட்டோக்களின் நிறத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சிவப்பு. பச்சை. இன்னொரு சிவப்பு. நீலம், ஆனால் கூரை கறுப்பு. பிரசாந்திக்கு எழும்பிப் போய் அவனுக்கு ஓர் அறை போட வேண்டும்போல் இருந்தது.

ஏழு வயதுப் பிள்ளை. தலையைச் சுற்றி வெள்ளைப் பண்டேஜ். அவன் ஒரு பிழையும் செய்யவில்லை, நிறம் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் பக்கத்துக் கட்டிலில் அதே வயதில், அதேபோல் வெள்ளைப் பண்டேஜோடு பிரசாந்தியின் மகள் ஜெயனி முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். பார்த்தபடி என்பது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். அவளுக்கு முகடு தெரியவில்லை. வெளிச்சம் தெரிகிறது, ஆள் அசைந்தால் நிழல் தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று கண் டொக்டர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். திரும்பி வருமா என்று கேட்டதற்கு, "பாப்பம் அம்மா, கொஞ்சம் வரலாம்" என்றார். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லைத்தான் பிரசாந்தி காலையிலிருந்து வாய்க்குள் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவன் என்ன சொல்லுறான்?" என்றாள் ஜெயனி.

"ஒண்டுமில்லை. நீ படு."

"ஓட்டோவோ பாக்கிறான்?"

"ஓம்."

"எனக்கும் பாக்கவேணும்."

பிரசாந்தி எழும்பிப் போய் யன்னல் சீலையை இழுத்து மூடினாள். பெடியன் திரும்பி அவளைப் பார்த்தான். பெரிய, கறுத்த, ஈரமான கண்கள். அவற்றில் ஒன்றையாவது இரவல் கேட்கலாம் என்றால் அவள் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பாள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வருத்தம். பின்மண்டைக்குள் ஒரு கட்டி. அது மூளைக்குள் ஊறுகிற தண்ணீர் இறங்கிப் போகும் வழியை அடைத்துவிட்டது. தண்ணீர் தேங்கத் தேங்க மண்டைக்குள் அமுக்கம் ஏறும். இரண்டு பேரையும் வெட்டியது ஒரே டொக்டர், ஒரே தியேட்டர். மற்றப் பிள்ளையின் பெயர் நுஸ்கி. அவனைச் சனிக்கிழமை கொண்டுவந்தார்கள். ஜெயனியைத் திங்கட்கிழமை கொண்டுவந்தார்கள். பிரசாந்தி எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இதைவிட வேறு வித்தியாசம் அகப்படவில்லை.

இத்தனைக்கும் வருத்தம் முதலில் வெளியே தெரிந்தது ஜெயனிக்குத்தான். சில கிழமைகளாகவே காலையில் எழும்பும்போது தலையிடிக்கிறது என்பாள். பீனிசம் என்று சொல்லி ஆவி பிடித்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தவள் வாசற்படியில் தடுமாறி விழுந்தாள், பிறகு சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தாள், பிறகு ஒரு கண் மூக்குப் பக்கமாக இழுத்தது. நீர்வேலிச் சந்தியில் இருக்கும் டொக்டர் ரோச் லைற் அடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டு, கதிரையை விட்டு எழும்பியே விட்டார். "இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. வீட்டை போகவேண்டாம்" என்றார்.

வீட்டுக்குப் போகவேண்டாம் என்றால் யார் கேட்பார்கள். மாற்று உடுப்பு எடுக்க வேண்டும், சுடுதண்ணீர்ப் போத்தல் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்த ஆளுக்கு ஒரு கோல் எடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் தெரிந்த ஆள் இல்லாமல் ஒரு அலுவலும் நடக்காது என்று எல்லோரும் நம்புகிறார்கள். கலியாண மண்டபம் எடுக்கத் தெரிந்த ஆள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தெரிந்த ஆள், அரசாங்கக் கந்தோரில் ஒரு கையெழுத்து வாங்கத் தெரிந்த ஆள். ஆஸ்பத்திரி என்றால் கேட்கவே தேவையில்லை. நேரே போய் வரிசையில் நிற்கிறவனை ஊர் அநாதை என்றுதான் நினைக்கும். பிரசாந்தியின் புருசன் வாகீசன் குடும்பத்தில் அந்தத் தெரிந்த ஆள் அவனுடைய மூத்த அக்கா குணலட்சுமி. கொடிகாமத்தில் இருக்கிறாள். ஒரு கந்தோரில் பெரிய கிளாக். அவளுடைய கைபேசியில் இல்லாத தாதிமார் இல்லை. ஏதாவது கேட்டால், "பொறு, நான் ஒரு ஆளோடை கதைச்சிட்டுச் சொல்லுறன்" என்பாள். அந்தக் குரலைக் கேட்டாலே அலுவல் அரைவாசி முடிந்த மாதிரி இருக்கும்.

வாகீசன் முற்றத்தில் நின்றபடி அக்காவுக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, விசர் வேலை பாக்காதை" என்றாள் குணலட்சுமி எடுத்த எடுப்பில். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம். நாளைக்குச் சனி, நாளையிண்டைக்கு ஞாயிறு. ஒரு பெரிய டொக்டரும் உங்கை நிக்க மாட்டார். சின்னப் பெடியள்தான் நிப்பாங்கள். அவங்கள் கத்தி பிடிச்சுப் பழக எங்கடை பிள்ளைதானோ கிடைச்சது?"

"சந்தி டொக்டர் இப்பவே கொண்டு போகச் சொன்னவர் அக்கா."

"அவருக்கென்ன, சொல்லுவார். லண்டனிலை இருந்து இவன் என்ரை மகன் அனுப்பினவன், நான் வாசிச்சனான். சனி ஞாயிறிலை ஆஸ்பத்திரிக்குப் போற பிள்ளையளுக்குத் தலை ஒப்பரேசன் சரிவாறது குறைவாம். ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கினம். லண்டனிலையே அப்பிடியெண்டா இஞ்சை எப்பிடியிருக்கும்? பொறு. மூளை டொக்டருக்கு நான் சனல் போடுறன். அவர் பிரைவேற்றிலை பாத்து, தன்ரை கையாலை எழுதி அட்மிற் பண்ணினா ராசாத்தி மாதிரிப் பாப்பினம்."

சனல் என்றால் தனியார் ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்துப் பெரிய டொக்டரைப் பார்ப்பது. அப்படிப் பார்த்தவரின் கடிதத்தோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குள் போனால் மரியாதையே வேறு என்பது நம்முடைய ஆட்கள் சத்தியம் பண்ணிச் சொல்லுகிற விசயம். குணலட்சுமி எடுத்த நம்பர் திங்கட்கிழமை பின்னேரத்துக்குத்தான் கிடைத்தது. நல்ல நம்பர், முன்னுக்கு இருக்கிற நம்பர் என்று அவள் இரண்டு தரம் சொன்னாள்.

பிரசாந்தி அப்போது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவளுக்குள்ளும் ஒரு பெருமை இருந்தது, அதுதான் உண்மை. நம்முடைய பிள்ளை ஆளில்லாத பிள்ளைபோல் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் கிடக்கப் போவதில்லை என்ற பெருமை.

சனிக்கிழமை ஜெயனி சத்தி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை எடுக்கவில்லை, நித்திரையாகவே கிடந்தாள். அதைக் குணம் என்று நினைத்துக் குணலட்சுமிக்குச் சொன்னார்கள். "பாத்தியே" என்றாள் அவள். திங்கட்கிழமை சனல் எடுத்த இடத்தில், நல்ல கதிரையில், மின்விசிறிக்குக் கீழே, முன்னுக்கு இருக்கிற நம்பரோடு காத்திருந்தபோது பிள்ளைக்கு வலிப்பு வந்தது. சத்தம் கேட்டுப் பெரிய டொக்டர் வெளியே வந்தார். அவர் கடிதம் ஒன்றும் எழுதவில்லை. அம்புலன்ஸைக் கூப்பிட்டு, தானும் அதற்குள் ஏறினார். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை தொடங்கின பிள்ளையை ஏனம்மா இண்டைக்குக் கொண்டு வாறியள்?"

பிரசாந்திக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். 

உயிர் தப்பியது. கட்டி முழுதாக எடுபட்டது, கெட்ட சாதிக் கட்டி இல்லை. ஆனால் அமுக்கத்தில் மூளையின் பின்பக்கம் இரத்த ஓட்டமில்லாமல் நசிந்து போயிருந்தது. பார்க்கிற வேலை அந்த இடத்துக்குரியது என்றார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஜெயனியை வார்டுக்குக் கொண்டுவந்தபோது பக்கத்துக் கட்டிலில் நுஸ்கி இருந்தான். அவனுடைய தாய் சபீஹா ஓடிவந்து பிரசாந்தியின் கையிலிருந்த பையை வாங்கி வைத்தாள். மெல்லிய, வாய் ஓயாத பெண். சோனகதெருவில் இருக்கிறாளாம். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தப்பட்ட குடும்பம். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் புத்தளத்தில். புருசன் நிஸாமின் தகப்பனுக்கு இங்கே ஒரு துண்டுக் காணி மிஞ்சியிருந்ததால் இரண்டு வருடத்துக்கு முன் திரும்பி வந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற சின்னக் கடை போட்டிருக்கிறார்கள். இவ்வளவையும் அவள் பிரசாந்தி கேட்காமலே சொல்லி முடித்தாள்.

"எங்கட புள்ளைக்கும் இதேதான் அக்கா. சனிக்கிழமை அந்தப் பெரிய டொக்டர்தான் வெட்டினார். பாருங்க இப்ப, புடிச்சு வெக்க ஏலாது."

பிரசாந்தி பிடித்திருந்த கட்டில் கம்பியை விடவில்லை. "சனிக்கிழமையோ? அவரோ?"

"ஓம். பின்னேரம் கொண்டு வந்தோம். சின்ன டொக்டர்மார் உடனே ஸ்கேன் எடுத்தாங்க, அவருக்கு கோல் எடுத்தாங்க. பொழுதுபடுறதுக்குள்ள வந்துட்டார்."

நிற்கமாட்டார் என்று சொன்ன ஆள் நின்றிருக்கிறார். அதுவும் வேறொருத்தியின் பிள்ளைக்காக. அந்த நேரத்தில் ஜெயனி நீர்வேலியில், ஐந்தாறு மைல் தூரத்தில், கட்டிலில் கிடந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பிரசாந்திக்கு வயிறு பற்றி எரிந்தது. சொல்லப்போனால் அன்றைக்குப் பற்றியது பிறகு அணையவேயில்லை.

அவள் எதற்கெல்லாம் பொறாமைப்பட்டாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வாகீசன் தோட்டத்திலிருந்து ஒரு சீப்புக் கதலி கொண்டுவந்தான். நல்ல மனுசன், இரண்டு பழத்தைப் பிடுங்கி நுஸ்கிக்கும் நீட்டினான். அவன் பழத்தைத் திருப்பிப் பார்த்து, கறுத்த புள்ளி இருந்த பக்கத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, தானே உரித்துத் தின்றான். ஜெயனிக்கு உரித்துக் கையில் வைக்க வேண்டியிருந்தது. வைத்த பிறகும் வாய் எங்கே என்று கை ஒருகணம் தேடியது. பிரசாந்தி மிச்சப் பழத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"அந்தப் பிள்ளைக்கு இன்னொண்டு குடுத்தா என்னப்பா?" என்றான் வாகீசன்.

"கண்ணிருக்கிற பிள்ளைதானே. வாங்கிச் சாப்பிடட்டும்."

வாகீசன் அவளைத் திகைத்துப் பார்த்தான். அவளுக்கும் தன்னுடைய வாயிலிருந்துதான் அது வந்ததா என்று இருந்தது. ஆனால் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

நுஸ்கி நடந்தால் பொறாமை. நுஸ்கி சபீஹாவின் கைபேசியில் படம் பார்த்துச் சிரித்தால் பொறாமை. நுஸ்கிக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு, சாமி படத்துக்கு முன்னால் நிற்கவே கூசுகிற மாதிரி, மனத்துக்குள் ஒரு சின்ன ஆறுதல். காய்ச்சல் விட்டதும் அந்த ஆறுதலும் போயிற்று.

குணலட்சுமி பார்க்க வந்தாள். ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமும் கொண்டுவந்தாள். கட்டில் விளிம்பில் இருந்து ஜெயனியின் காலைத் தடவினாள். "உயிர் இருக்குத்தானே, அதைச் சொல்லு. சனிக்கிழமை கொண்டு போயிருந்தா பிள்ளையே இருந்திராது" என்றாள்.

பிரசாந்தி பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். "உவன் சனிக்கிழமைப் பிள்ளை மச்சாள்."

குணலட்சுமி நுஸ்கியை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் தலையணையை எறிந்து பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவை ஆரையோ பெரிய இடத்திலை பிடிச்சிருக்கினம். இல்லாட்டி அந்த மனுசன் சனிக்கிழமை பின்னேரம் வந்திருக்குமோ? உனக்குத் தெரியாது, அவையளுக்கு எல்லா இடத்திலையும் ஆள் இருக்கு."

அந்த விளக்கம் பிரசாந்திக்குப் பிடித்துவிட்டது. ஒரு பெரிய ஆறுதல் அதில் இருந்தது. தாங்கள் பிழை விடவில்லை, அவர்களிடம் இருந்த ஆள் தங்களிடம் இருந்த ஆளைவிடப் பெரிய ஆள், அவ்வளவுதான். அந்த ஆள் யார் என்று தெரிந்தால் இன்னும் நிம்மதியாக இருக்கும் என்று பட்டது. மறுநாள் பிள்ளைகள் நித்திரையான மத்தியான நேரத்தில், பிளேன்ரீ குடித்தபடி சபீஹாவிடம் சாதுவாகக் கேட்டாள்.

"அண்டைக்குச் சனிக்கிழமை நீங்கள் ஆரைப் பிடிச்சனீங்கள்?"

"எதுக்கு?"

"டொக்டரைக் கூப்பிடுறதுக்கு. பறுவாயில்லை, சொல்லும். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

சபீஹாவுக்குக் கேள்வி விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரித்தாள். "எங்களுக்கு இங்க யாரத் தெரியும் அக்கா? பக்கத்து வீட்டாக்களையே இன்னும் சரியாத் தெரியாது. புள்ள மதரஸால சத்தி எடுத்து விழுந்துட்டான். இவர் கடையில. எனக்கு என்ன செய்றதுண்டே தெரியல்ல. புத்தளத்துல எண்டா மாமாக்கிட்டக் கேட்டிருப்பன், சாச்சிக்கிட்டக் கேட்டிருப்பன், இண்டைக்குக் கொண்டு போறதா, நாளைக்கா, எந்த டொக்டர்கிட்ட எண்டு. இங்க கேக்க ஒரு ஆளில்ல. அதனால அப்படியே தூக்கிட்டு ரோட்டுக்கு வந்து ஓட்டோவ மறிச்சன். அழுதுட்டேதான் வந்த. நமக்கு ஒரு ஆளில்லையே எண்டு."

பிரசாந்தி கோப்பையைக் கீழே வைத்தாள்.  பெரிய இடத்து ஆள் ஒருவர் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். யாருமே இல்லாததால் ஒரு பிள்ளைக்குக் கண் தப்பியது என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது. தன் வீட்டு முற்றத்தில், ஸ்பீக்கரில் குணலட்சுமியின் குரல் கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தை நினைத்தாள். அந்த நேரத்தில் குணலட்சுமி என்றொருத்தி உலகத்திலேயே இல்லாதிருந்தால் என்று நினைத்தாள். ஆளில்லாதவளாக இருப்பதற்கும் ஒருத்தி பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் இரண்டு தாய்மாரையும் ஒன்றாக நிறுத்திச் சொன்னார். இரண்டு பிள்ளைகளுக்கும் தேங்குகிற தண்ணீரை வயிற்றுக்குள் இறக்கிவிட, தோலுக்கு அடியில் மெல்லிய குழாய் ஒன்று வைத்திருக்கிறது. அது எப்போதாவது அடைபடலாம். சத்தி, தலையிடி, அளவுக்கு மிஞ்சின நித்திரை, இதில் எது வந்தாலும் கொண்டுவர வேண்டும். சபீஹா அவ்வளவுக்கும் தலையாட்டினாள்.

பிறகு மாதம் ஒரு தரம் கிளினிக்கில் சந்தித்தார்கள். நுஸ்கி பள்ளிக்கூடத்து வெள்ளை உடுப்போடு வருவான், சுவரில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்களை எழுத்துக்கூட்டி உரக்க வாசிப்பான். ஜெயனி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். கொஞ்சம் வரலாம் என்ற அந்தக் கொஞ்சம் வந்திருந்தது. சிவப்பையும் மஞ்சளையும் பிரித்துச் சொல்வாள். பக்கத்தில் வந்தால் ஆள் என்று தெரியும், எந்த ஆள் என்று தெரியாது. தாயின் முகத்தை விரலால்தான் பார்ப்பாள்.

ஒருநாள் பிரசாந்தி துணிந்து டொக்டரிடம் கேட்டாள். "சேர், சனி ஞாயிறிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாற பிள்ளையளுக்குத் தலை ஒப்பரேசன் சரிவாறேல்லை எண்டு வெளிநாட்டிலை எழுதியிருக்கினமாம். மெய்யோ?" ஓம் என்று அவர் ஒரு சொல் சொல்லமாட்டாரா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

டொக்டர் பேனையை மூடினார். "சில இடங்களிலை அப்பிடியும் எழுதியிருக்கினம். ஆனா யோசிச்சுப் பாருங்கோ, சனி ஞாயிறிலை ஆர் கொண்டு வருவினம்? பிள்ளைக்குக் கடுமை, திங்கள் வரைக்கும் பொறுக்க ஏலாது எண்ட ஆக்கள்தான். கடுமையான பிள்ளையள் கூடுதலா வந்தா முடிவும் கடுமையாத்தான் இருக்கும். அதுக்காகப் பொறுத்துக்கொண்டு வீட்டிலை இருந்தா?"  ஜெயனியின் தலையில் கையை வைத்து, "அடுத்த பிள்ளையைக் கூப்பிடுங்கோ" என்றார்.

வெளியே வந்து அவள் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? சபீஹாவுக்குப் பக்கத்தில் இருந்து, தன்னுடைய ஆட்களின் பெருமையைக் கதைத்தாள். அவளுக்கு வேறு என்ன இருந்தது. பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவள் கீழே, சபீஹா மேலே. ஏதாவது ஒன்றிலாவது சபீஹா அண்ணாந்து பார்க்க வேண்டாமா. "இந்த நேர்ஸ் மிஸ்ஸை எங்கடை மச்சாளுக்கு நல்லாத் தெரியும்" என்பாள். நம்பர் கொடுக்கும் இடத்தில் சபீஹாவுக்கும் சேர்த்து முன்னுக்கு நம்பர் எடுத்துக் கொடுப்பாள். "நீர் தனிய ஓடித் திரியாதையும். இனி என்ன எண்டாலும் முதல் எனக்கொரு கோல் எடும். நான் மச்சாளோடை கதைச்சு, ஆர் நிக்கினம், எப்ப கொண்டு போறது எண்டு கேட்டுச் சொல்லுறன்" என்பாள். சொல்லும்போது குரல் அச்சொட்டாகக் குணலட்சுமியின் குரலாக இருக்கும். அது அவளுக்கே கேட்கவில்லை.

சபீஹா அப்படியே நம்பினாள். காய்ச்சலா, பிரசாந்தியைக் கேட்பாள். எந்த மருந்துக்கடை, எந்தப் பாணி மருந்து, தலைக்கு எண்ணெய் வைக்கலாமா, எல்லாவற்றுக்கும் கோல் வரும். "நீங்க இருக்கிறது எவ்வளவு ஆறுதல் அக்கா. நமக்கும் ஒரு ஆள் இருக்கு எண்டு இவர்கிட்டச் சொல்லுவன்" என்பாள். பிரசாந்திக்கு அந்த நேரங்களில் மட்டும் நெஞ்சுக்குள் எரிவது கொஞ்சம் தணியும்.

மாரி முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோல் வந்தது. பிரசாந்தி குசினியில் நின்றாள். ஜெயனி நிலத்தில் இருந்து, சுளகில் கிடந்த மிளகாயைத் தடவித் தடவிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அதற்கு அவளுக்குக் கண் தேவையில்லை.

"அக்கா, நுஸ்கி காலையில இருந்து சத்தி எடுக்கிறான்" என்றாள் சபீஹா. "தலை இடிக்குதாம். இப்ப படுத்துட்டான், எழுப்பினா கண்ணத் திறக்கிறான், திரும்பவும் தூங்கிடுறான். இவர் கடையச் சாத்திட்டு ஓட்டோவோட வந்து வாசல்ல நிக்கிறார். நான்தான் பொறுங்க, அக்காக்கிட்டக் கேப்பம் எண்டு சொன்ன. இண்டைக்குச் சனிக்கிழமைதானே. போன முறை ஏதோ நல்ல காலத்துக்கு அவர் வந்தார், இந்த முறை பெரிய ஆக்கள் இருப்பாங்களோ தெரியாதே. திங்கக்கிழமை கிளினிக் இருக்கு. அது வரைக்கும் வெச்சிருக்கலாமா? உங்கட மச்சாள்கிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்றீங்களா?"



சொல்ல வேண்டிய வசனம் பிரசாந்தியின் வாயில் தயாராக வந்து நின்றது. ஓம், திங்கட்கிழமை கொண்டு போம். அவ்வளவுதான். அதில் ஒரு பிழையும் இல்லை. ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்லுகிற புத்திமதிதான். லண்டனிலிருந்து வந்த புத்திமதி. நாளைக்கு ஒருத்தரும் அவளை ஒரு சொல் கேட்க முடியாது. தனக்குக் கிடைத்ததைத்தான் அவள் கொடுக்கிறாள். யன்னலடியில் முழங்காலில் நின்று ஓட்டோக்களின் நிறம் சொன்ன அந்தக் கண்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. திங்கட்கிழமைக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளும் ஒன்றுபோல் இருப்பார்கள். கிளினிக்கில் அவள் தலைநிமிர்ந்து இருக்கலாம். அந்த நினைப்பு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை அவள் பிறகு எவருக்கும் சொன்னதில்லை.

"அக்கா? இருக்கீங்களா?"

"என்னை ஏன் கேட்டனீர்?" என்று கத்தினாள் பிரசாந்தி. ஜெயனியின் கையிலிருந்த மிளகாய் விழுந்தது. "போன முறை ஆரைக் கேட்டனீர்? ஒருத்தரையும் கேட்டனீரோ? விசர் மனுசி! ஓட்டோ வாசலிலை நிக்குது, நீர் போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்! பிள்ளையைத் தூக்கும்! செருப்பும் போடவேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடும்!"

"உங்கட மச்சாள்..."

"மச்சாளும் மண்ணாங்கட்டியும்! ஒரு நாய்க்கும் ஒண்டும் தெரியாது! எனக்கும் தெரியாது! என்ரை பிள்ளை எப்பிடி இருக்கு எண்டு நீர் பாக்கேல்லையோ? இனி என்னைக் கேட்டீரெண்டால் செருப்பாலை அடிப்பன்! ஓடும்!"

கோல் அறுபடவில்லை. சபீஹா போனை எங்கேயோ வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். படலை திறக்கிற சத்தம் கேட்டது, நிஸாமின் குரல் கேட்டது, ஓட்டோ உறுமிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பிறகு வெறும் வீட்டுச் சத்தம். பிரசாந்தி அதையும் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, ஆரை ஏசினனீங்கள்?" என்றாள் ஜெயனி.

"ஒருத்தரையுமில்லை." அவள் நிலத்தில் இருந்து மிளகாயைக் கூட்டி அள்ளிச் சுளகில் போட்டாள்.   கத்துவதற்கு முன் சும்மா நின்ற அந்த நேரம்தான் மனத்தை விட்டுப் போகவில்லை. அந்த நேரத்தில் அவள் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம்.

பொழுதுபடும் நேரம் சபீஹா வேறு யாருடைய போனிலிருந்தோ கோல் எடுத்தாள். அழுகையும் சிரிப்புமாக ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. குழாய் அடைத்திருந்ததாம். ஸ்கேன் எடுத்து உடனே தியேட்டருக்குக் கொண்டுபோய் மாற்றிவிட்டார்களாம். கண் முழித்ததும் வாப்பாவைப் பார்த்து, ஏன் சேட்டு பொத்தான் மாறிப் போட்டிருக்கிறீங்கள் என்று கேட்டானாம்.

"நீங்க கத்தாட்டி நான் திங்கக்கிழமை வரைக்கும் வெச்சிருப்பன் அக்கா. சத்தியமா வெச்சிருப்பன். அல்லாஹ் உங்கள அனுப்பியிருக்கான் எனக்கு."

"சந்தோசம். பிள்ளையைப் பாரும்" என்று பிரசாந்தி போனை வைத்தாள்.

வாகீசன் தோட்டத்தால் வந்து கிணற்றடியில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தான். அவள் குசினிச் சுவரில் சாய்ந்து, சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அவன் பயந்துபோனான். "என்ன நடந்தது? அந்தப் பெடியனுக்கு ஏதும்...?"

"தப்பிட்டான்."

"தப்பிட்டானெண்டால் ஏன் அழுகிறீர்?"

அவள் தலைப்பை எடுத்தாள். முகம் கோணியிருந்தது. சந்தோசத்தில் அழுகிற முகம் அது இல்லை என்று வாகீசனுக்கே தெரிந்தது. வெறும் பொறாமைதான், மறைக்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

"அவளுக்கு நான் இருந்தன்" என்றாள். "எனக்கு அண்டைக்கு ஆர் இருந்தது?"